வென்கேயின் பன்னிரண்டாவது பிள்ளை

இடது கையால் பலகையில் ‘7 + 5 = 13’ என்று எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் வென்கே. காலை ஒன்பது மணி. வெளியே நல்ல இருட்டு. டிசம்பரில் வடக்குக் கோடியில் இருக்கிற அந்தத் தீவின் பக்கம் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டாம் வகுப்பின் பதினோரு பிள்ளைகளும் நெளிகிறார்கள்.

“தப்பு! தப்பு வென்கே!” என்று முதலில் கத்துகிறவன் பிர்கெர். வயது ஏழு, வாய்க்கு மட்டும் எழுபது.

“என்கிட்ட ஏன்டா கத்தற? எழுதினது ஓட்னி. அவகிட்டப் போய்ச் சொல்லு. திட்டாம சொல்லு.”

பிர்கெர் எழுந்து ஒரு காலி நாற்காலியின் முன்னால் போய் நிற்கிறான். “இங்க பாரு ஓட்னி. அஞ்சுல மூணை எடுத்து ஏழுக்குக் குடுத்துரு. பத்தாச்சா? மிச்சம் ரெண்டு. அவ்ளோதான். இதுக்குப் போய் அழாத.”

ஓட்னி என்று ஒரு பிள்ளை கிடையாது. வென்கே கற்பனையில் பெற்ற பிள்ளை அது. ஆனாலும் அவளுக்கு நடைவழியில் ஒரு கொக்கி உண்டு, அதில் சிவப்புக் கம்பளித் தொப்பி உண்டு, அலமாரியில் வகுப்புக்குள் போடும் சின்னச் செருப்பு ஒரு ஜோடி உண்டு. வகுப்பில் நடக்கிற தப்பெல்லாம் அவள் கணக்கில்தான் சேரும். ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்றால், “ஓட்னிக்குப் புரியலையாம்” என்று கை தூக்கலாம். மானம் போகாது. வருகைப்பதிவின்போது அவள் பெயர் வந்தால் யாராவது ஒருவர் குரலை மாற்றி “இருக்கேன்” என்பார்கள். வர முடியாதவர்களுக்காக மற்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்பது வென்கே போட்ட சட்டம்.

ஆசிரியை வென்கேக்கு வயது ஐம்பத்தொன்பது. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுவார். நீளம் அளக்கக் கற்றுக்கொடுக்க அளவுகோலை எடுக்க மாட்டார். காய்ந்த மீன் ஒன்றைக் கையில் கொடுத்து, “தலைமையாசிரியர் எத்தனை மீன் உயரம்னு அளந்துட்டு வாங்க” என்று அனுப்புவார். மூன்று மீனும் ஒரு வாலும் என்று முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை வாஃபிள் அப்பம் சுடுவார். கால் பங்கு கேட்டவனுக்குக் கால் பங்குதான். இரண்டு கால் சேர்ந்தால் அரை என்று கண்டுபிடித்தவனுக்கு அரை. பின்னம் அவ்வளவு வேகமாக வேறெங்கும் யார் மண்டையிலும் ஏறியிருக்காது. வாசிப்பு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் மேசைக்கு அடியில் போகச் சொல்வார். நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்கொரு வரி. பேயே வந்தாலும் அந்த நேரத்தில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும்.

இன்னொரு பழக்கம். தன் வகுப்பறைக் கதவைத் தானே தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார், உள்ளே ஆள் இல்லாவிட்டாலும். கேட்டால், “நாம இல்லாதப்போ உள்ள என்ன நடந்துட்டிருக்குமோ, ஒரு மரியாதை வேணாமா?” என்பார்.

சில காலைகளில் ஓட்னியின் செருப்பு ஈரமாக இருக்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு வென்கேயும் போதும் அதற்கு. “பயந்தா காது நல்லாத் தெறக்கும்” என்பது அவருடைய கல்விக் கொள்கை. நவம்பரில் ஒருநாள் அவர் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். அன்றைக்கும் செருப்பு ஈரமாக இருந்தது. தலைமையாசிரியர் ஒலாவின் வேலை என்று நினைத்துக்கொண்டார்.

“எனக்கு வேற பொழப்பு இல்லியா வென்கே?” என்றார் ஒலாவ்.

அந்த வகுப்பில்தான் தீரா இருக்கிறாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய். ஆகஸ்டில் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பேசியதில்லை. “வீட்ல வாய மூடவே மாட்டா” என்றார் அவள் அம்மா. கிறிஸ்துமஸுக்குள் பேசாவிட்டால், கப்பலேறிப் போய், வாரம் முழுக்கக் கடலுக்கு அந்தப்பக்கம் தங்கி, பெரிய ஊரில் தனி வகுப்பில் படிக்க வேண்டும். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தாயிற்று.

“வகுப்புல எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வார்த்தை பேசினாப் போதும். நான் அவளை விட மாட்டேன்” என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார் வென்கே. ஓட்னியின் நாற்காலியைத் தீராவுக்குப் பக்கத்தில் போட்டதும் அதற்காகத்தான். இல்லாத பிள்ளையிடமாவது பேச மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

புதன்கிழமை வெளிநாள். பனியோ புயலோ, எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போயே ஆக வேண்டும். டிசம்பர் முதல் புதனன்று விரிகுடாப் பக்கம் படகுத்துறைக்குப் போனார்கள். பதினொரு மணிக்கு வரும் அந்த நீல வெளிச்சத்தில் ரொட்டியைப் பிரித்தார்கள். பாதி சாப்பாட்டில் கடலிலிருந்து மூடுபனி எழும்பி வந்தது. நீட்டிய கை தெரியவில்லை.

“வரிசை! எண்ணுங்க!”

ஒன்று, இரண்டு என்று குரல்கள் வந்தன. தீராவின் எண் ஒன்பது. அவள் பேச மாட்டாள் என்பதால் எட்டாவதாக நிற்கும் பிர்கெர் அவளுக்கும் சேர்த்துச் சொல்வது வழக்கம். “எட்டு” வந்தது. “ஒன்பது” வந்தது, கம்பி போன்ற ஒரு மெல்லிய குரலில். பிர்கெர் சேட்டை செய்கிறான் என்று நினைத்தார் வென்கே. பத்து, பதினொன்று. கடைசியில் ஓட்னிக்காகப் பன்னிரண்டும் வந்தது. ஜோடி ஜோடியாகக் கை கோத்து நடந்தார்கள். பதினோரு பேரில் தனியாக மிஞ்சுகிறவள் தீராதான். அவளுக்கு ஜோடி ஓட்னி. ஆக, ஒருவர் கையும் காலியாக இல்லை.

பள்ளிக்கு வந்து பூட்ஸைக் கழற்றி, அலமாரியிலிருந்து செருப்பை எடுத்தார்கள். எப்போதும் ஒரு ஜோடி மிஞ்சும். அன்றைக்கு இரண்டு மிஞ்சின.

“பிர்கெர், ஒன்பதுன்னு சொன்னது நீதானே?”

“நான் எட்டு மட்டுந்தான் சொன்னேன். அப்புறம் வாய்ல ரொட்டி. வேற யாரோ சொன்னாங்க.”

வேறு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

பிள்ளைகளை ஒலாவிடம் தள்ளிவிட்டு, தொப்பியில்லாமல் படகுத்துறைக்கு ஓடினார் வென்கே. “தீரா! தீரா!” கத்தக் கத்தத்தான் உறைத்தது. கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளையைப் பனியில் தொலைத்திருக்கிறார். காலடித் தடமெல்லாம் மூட்டத்தில் மறைந்துபோயிருந்தது. படகுக் கொட்டகை காலி. அலை வந்து கல்லில் முட்டும் ஓசை மட்டும்.

வேறு வழி தெரியாமல் எண்ணத் தொடங்கினார். “ஒண்ணு. ரெண்டு. மூணு...” எட்டு வரை சொல்லி நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாம் தடவை, கவிழ்த்து வைத்த ஒரு படகுக்கு அடியிலிருந்து வந்தது.

“ஒம்போது.”

கரகரவென்று கனமான குரல். ஜலதோஷம் பிடித்த மாலுமி பேசுவது போல. வரிசையில் கேட்ட குரல் இதுவல்ல.

உள்ளே தீரா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் சூடாகவே இருந்தது. மடியில் சாப்பாட்டுப் பெட்டி. எதிரே பலகைமேல் எடுத்து வைத்த இன்னொரு ரொட்டித் துண்டு, ஒரு கடி கடித்தபடி. கடித்த இடத்தில் முன்பல் இரண்டும் சேர்ந்து மேல்பல் வரிசை முழுசாகப் பதிந்திருந்தது. வென்கே அதை எடுத்துக் கடலில் எறிந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

“பேசினா ஒலாவ்! என் காதால கேட்டேன்” என்பதை மட்டும் சொன்னார்.

“காத்துல கேட்டதையெல்லாம் எழுதி அனுப்ப முடியுமா? வகுப்புல பேசணும்” என்றார் ஒலாவ். பிறகு, முகத்தைப் பார்க்காமல், “அந்த நாற்காலியை எடுத்துரு வென்கே. இல்லாத பிள்ளைக்காக இருக்கற பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தோம்.”

யாருமில்லாத இடத்துக்குக் குரல் கொடுக்கப் பதினோரு பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று வென்கேக்குத் தெரியும். குரல் கேட்டால் போதும், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருக்கிறார். நாற்காலி, தொப்பி, செருப்பு எல்லாம் நிலவறைக்குப் போயின. வென்கேயே தூக்கிப் போனார். நிலவறைக் கதவையும் தட்டிவிட்டுத்தான் திறந்தார். பிள்ளைகளிடம், “ஓட்னி ஊரை விட்டுப் போயிட்டா” என்றார்.

“சொல்லாமக்கொள்ளாமயா? திமிரப் பாரேன்” என்றான் பிர்கெர். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

அடுத்த புதன். முற்றத்தில் வரிசை. பனி பொடிப்பொடியாக விழுகிறது. ஒலாவ் வாசலில் நின்று பார்க்கிறார். வென்கே இந்தமுறை யாரையும் எண்ணச் சொல்லவில்லை. அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை ஒவ்வொரு கன்னத்திலும் வைத்து, முகத்தைப் பார்த்து, அடுத்த பிள்ளைக்குப் போகிறார். பிர்கெர், “ஐஸ் மாதிரி இருக்கு உன் கை” என்று முகத்தைச் சுளித்தாலும் நகரவில்லை. தீராவின் கன்னத்தையும் தொட்டாயிற்று. கடைசிப் பிள்ளை வரை போய்த் திரும்பி வந்து கையுறையை மாட்டப் போகிறார்.

தீரா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளை விட்டுட்டியே” என்றாள். கரகரவென்று, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. பத்துப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற ஒலாவும்தான்.

மணிக்கட்டை விடாமல் இழுத்துப் போய், தனக்கு இடப்பக்கம், தன் உயரத்துக்கே, வெறும் காற்றில் அந்தக் கையை நிறுத்திவிட்டுப் பிடியை விட்டாள்.

வென்கே கையை எடுக்கவில்லை. விரல்களை மெல்ல உள்பக்கமாக வளைத்தார், ஒரு கன்னம் எவ்வளவு வளைவு இருக்குமோ அவ்வளவு.