கழுத்தை மட்டும் பிடிக்கும் அச்சு

ஓரின் ஹாக்லண்டுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் அதை அவரிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அமெரிக்காவின் மொன்டானா மாநில மண்சாலைகளைச் சமன் செய்யும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே வேலை, மனைவி மார்லிஸுக்குத் தோட்டா செய்து கொடுப்பது. சுடுவது அவள். ஆயிரம் கஜப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

சுட்ட பித்தளைக் கூடு துப்பாக்கியின் அறைக்குள் வீங்கி, அந்த அறையின் அளவுக்கே வந்துவிடும். மறுபடி குண்டு வைக்க வேண்டுமானால் கூட்டை ஓர் அச்சுக்குள் தள்ளிச் சுருக்க வேண்டும். முழுக் கூட்டையும் சுருக்குகிற அச்சு உண்டு. குண்டு உட்காரும் கழுத்தை மட்டும் பிடித்துவிட்டு உடம்பைத் தொடாத அச்சும் உண்டு. ஓரின் கழுத்துக் கட்சி. அந்தக் கட்சியில் அவரைவிடத் தீவிரமான ஆள் கிடையாது.

"முழு அச்சு ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்றாள் மார்லிஸ், ஏப்ரலில். "போல்ட் இறுகுது ஓரின்." போல்ட் என்றால் தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் தாழ்.

"இறுகட்டுமே. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி கூடு உள்ள உட்காரணும். அப்பதான் குண்டு நேராப் போகும்."

"அளவெடுத்த சட்டைதான். உனக்குத் தொப்பை விழுந்தப்புறம் அதுல பட்டன் போட முடிஞ்சுதா?"

ஓரின் சிரித்துவிட்டு, அதே கூடுகளை ஆறாவது தடவையாகக் கழுத்தச்சில் தள்ளினார். துப்பாக்கியில் போட்டுப் பார்க்கவும் இல்லை. போட்டால் பித்தளை கீறிவிடுமாம்.

ஜூனில் மார்லிஸின் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வருகிறது, இலையுதிர் காலத்துக்குள் போய்விடும் என்றார். வீடு திரும்பி வாசலில் வண்டி நின்றதும் மார்லிஸ் சொன்னாள்: "ஆகஸ்ட் போட்டியில இருபது தோட்டாவையும் சுட்டுட்டு எழுந்து வந்துடறேன். ஜெயிக்க வேண்டாம். இருபது போதும்."

போட்டியன்று காற்றே இல்லை. இருபது தோட்டா, இருபத்திரண்டு நிமிஷம். படுத்துச் சுடுபவரிடம் பின்னாலிருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. ஓரின் பத்தடி பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் மூன்றும் போயின. நாலாவதில் போல்ட் பாதியில் நின்றது. அவள் உள்ளங்கையால் அடித்து மூடினாள். அடித்த அடியில் துப்பாக்கி நகர்ந்துவிட்டது. மறுபடி குறி, மறுபடி மூச்சு. அடுத்தது மூடவே இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். என்ன கோளாறு என்று அந்த மைதானத்தில் ஓரின் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெட்டியில் மிச்சமிருந்ததும் அவர் கையால் செய்ததுதான்.

"என்னய்யா, நீ போட்டியில இருக்கிற மாதிரி வேர்க்குது உனக்கு?" என்று பக்கத்து நாற்காலி ட்வேன் காதில் கிசுகிசுத்தான். ஓரின் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மணி அடித்தபோது பதிமூன்றுதான் போயிருந்தது. மார்லிஸ் வலது கையை உதறியபடி எழுந்து வந்து, சுடாத ஏழு தோட்டாவையும் அவர் மடியில் வைத்தாள்.

"என் தப்பு" என்றார். "நீ சொன்ன அச்சை அப்பவே..."

"அதை விடு. பதிமூணும் எங்க விழுந்துச்சு?"

"நீ பார்க்கலையா? ஒவ்வொரு தடவையும் இலக்கு அட்டையை இறக்கி, குண்டு பட்ட இடத்துல வில்லை குத்தித் தூக்கிக் காட்டினாங்களே?"

"கறுப்பு வட்டம் மங்கலாத் தெரிஞ்சுது. வில்லை ஒண்ணுகூடத் தெரியலை. அதுக்கு நடுவுல குறி வச்சுச் சுட்டேன். உன் தோட்டா நேராப் போகும்னு தெரியுமே."

ஓரின் தொப்பியைக் கழற்றினார். "பதிமூணும் பத்துக்குப் பத்து, மார்லிஸ்."

"அப்போ மிச்ச ஏழும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, காப்பிக் குடுவையைத் திறந்தாள்.

புது அச்சு அக்டோபரில், இலைகள் உதிர்ந்த பிறகுதான் வந்தது. ஓரின் அத்தனை கூட்டையும் அதில் தள்ளி, கீறினால் கீறட்டும் என்று ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார். ஒற்றை விரலுக்கே போல்ட் மூடியது.

"இப்ப லேசா மூடுது" என்றாள் மார்லிஸ், அடுப்படியிலிருந்து. சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டாள்.

"ஆமா" என்றார் ஓரின். பிறகு அடுத்த கூட்டை எடுத்து உள்ளே போட்டார்.