போட்டு வாறன்

கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டு உதயகலா முன்பள்ளி ரீச்சர். ஒரு வகுப்புச் சின்னஞ்சிறுசுகளைச் சத்தமே போடாமல் இருத்தி வைக்கிற கெட்டிக்காரி. ஆனால் அவர் வளர்த்த நாய் ரொமியை மட்டும் ஒருவராலும் இருத்த முடியவில்லை.

ரொமி, வருகிறவர்களை ஒன்றும் செய்யாது. வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். புறப்படுகிறவர்கள் மீதுதான் பாயும். முன்னங்கால் இரண்டையும் நெஞ்சில் ஊன்றி முகத்தை நக்கும். எங்கள் செம்மண் லேசில் போகாது. என் வெள்ளைச் சேட்டுகள் சில இப்போது வீடு துடைக்கின்றன. கத்தினால் இன்னும் துள்ளும். முழங்காலால் தள்ளினால் விளையாடக் கூப்பிடுகிறோம் என்று நினைக்கும்.

உதயகலாவின் கணவர் சுதாகரனுக்கு அரியாலையில் ஓர் அக்கா, கனகாம்பிகை. தைப்பொங்கலுக்குப் புதுச்சேலையோடு வந்தார். நானும் அங்கேதான் பொங்கல் புக்கை தின்றுகொண்டிருந்தேன். புறப்படும்போது ரொமி பாய்ந்தது. சேலை நாசம்.

"தம்பி, உனக்கு அக்கா வேணுமோ, நாய் வேணுமோ?"

சுதாகரன் நல்ல மனிதர். முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும். "வட்டுக்கோட்டையிலை ஆருக்கும் குடுத்துவிடுவம்," என்றார். உதயகலா அழத் தொடங்கிவிட்டார். பிள்ளையில்லாத வீடு அது.

"நாய்க்கு அழுகிறாள்! நான் போறன்! இனி இந்த வாசல் மிதியன்!"

எங்கள் ஊரில் யாரும் "போறன்" என்று சொல்லிப் புறப்படுவதில்லை. திரும்பி வராதவர்களின் சொல் அது. "போட்டு வாறன்" என்று, போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்வதுதான் முறை. கனகாம்பிகை கேற்றை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். ரொமி மாமரத்தடியில் தலையைக்கூடத் தூக்கவில்லை.

உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, பாத்தியளே? போறன் எண்டால் பாயேல்லை!"

பிறகுதான் விளங்கியது. குட்டியாயிருந்த நாள் முதல், காலையில் முன்பள்ளிக்கு வெளிக்கிடும்போது அவர் "ரொமி, போட்டு வாறன்" என்று தன் நெஞ்சில் தட்டுவார். அது ஏறிக் கட்டிப்பிடிக்கும். ரஸ்க் கிடைக்கும். பாவம், அது சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் ஒப்புவித்திருக்கிறது. பிழை ரீச்சருடையது.

"அப்ப வாற ஆக்களைப் போறன் எண்டு சொல்லச் சொல்லுவமே?" என்று கேட்டார் சுதாகரன். நாங்கள் பார்த்த பார்வையில் குசினிக்குள் போய்விட்டார்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. அகப்பட்டவன் நான். "போட்டு வாறன்" என்று சொல்லவேண்டும். பாய்ந்தால் கத்தாமல், தள்ளாமல், கையைக் கட்டி முதுகைக் காட்டி நிற்கவேண்டும். நாலு காலும் நிலத்தில் பட்டதும் உதயகலா கருவாட்டுத் துண்டு கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சைவம் என்பதால் வெறும் பாண் துண்டு. அதனால் வெள்ளிக்கிழமைகளில் ரொமி மந்தமாகத்தான் படித்தது. விடைபெற்று விடைபெற்று நான் போகாமலே நிற்பதைக் கண்டு, "இவருக்குச் சொந்த வீடு மறந்துபோச்சோ?" என்று றோட்டால் போனவர்கள் சிரித்தார்கள்.

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சுதாகரன் கெஞ்சி அக்காவைக் கூட்டிவந்தார். அவர் நாள் முழுவதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பின்னேரம் கேற்றடியில் நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். "போறன்" என்றால் உறவு முறிந்தது. "போட்டு வாறன்" என்று சொல்லி ரொமி பாய்ந்துவிட்டால், அது வட்டுக்கோட்டைக்குத்தான்.

"சரி, போட்டு வாறன்."

ரொமி குந்தியபடியே இருந்தது. நாலு காலும் நிலத்தில். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

கனகாம்பிகை நகரவில்லை. அவர் பழைய சேலை உடுத்தி வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன், பாயேல்லை?"

"பழக்கிப்போட்டம் மச்சாள். இனிப் பாயாது."

"வெளிக்கிடேக்கை என்னைப் போகவிடாமல் மறிச்சது உவன் ரொமி ஒருத்தன்தான்," என்றார் கனகாம்பிகை. "அதையும் நிப்பாட்டிப்போட்டியளே?"

உதயகலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "இண்டைக்கு நிண்டு போங்கோ மச்சாள்."

"மாத்துச்சேலை ஒண்டும் இல்லையே," என்றார் கனகாம்பிகை.

உதயகலா அவருடைய பையை வாங்கி உள்ளே கொண்டுபோய்த் திறந்தார். மூன்று சேலைகள் இருந்தன.