கப்டன் எழும்புவாரா?

என் அப்பாவின் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குக் கண்டியில் ஒரு தியேட்டரின் மத்தியானக் காட்சியில் பதில் கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. டொக்டருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் என்னைத்தான் படுக்கப் போட்டுத் திறந்து பார்த்திருப்பார், தலையை.

டொக்டர் தன் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நெஞ்சுக்குழாயில் அடைப்பு. புதன்கிழமை ஒப்பரேஷனுக்கு இடம் இருக்கிறது. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, அதுவரை நெஞ்சு பொறுக்குமா என்றும் சொல்ல முடியாது. அப்பா "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நாவலப்பிட்டிக்கும் கண்டிக்கும் இடையே பஸ் ஓட்டியே தலை நரைத்தவர் அவர். சகுனம் பார்க்காமல் கியர் போட்டதில்லை. கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். சிவப்புக்கு ஒரு பொட்டலம், வெள்ளைக்கு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஒப்பரேஷன். சிவப்பு வந்தது. வீட்டில் யாருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அப்பா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மேன்முறையீடு செய்தார்.

"சாமி சொல்றத சொல்லிருச்சு. கப்டன் என்ன சொல்றாருன்னும் பார்ப்போம். சனிக்கிழம புதுப்படம் பார்க்கத்தானே போறீங்க? அவரு எழும்பிட்டாருன்னா நானும் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிப் பையைக் கட்ட விடவில்லை.

கப்டன் யாரென்று சொல்ல வேண்டும். விண்வெளிக் கப்பல் ஒன்று வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்டுப் படத்துக்குப் படம் நட்சத்திரங்களுக்கிடையே அலைகிறது. அதை ஓட்டுபவர் கப்டன். கல்யாணமான புதிதில் முதல் பாகத்தைப் பார்த்த நானும் மனைவியும் பிறகு எதையும் விட்டதில்லை. படம் இங்கிலீஷில் பேசும், கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். என் இங்கிலீஷ், நான் வேலை செய்யும் மின்சாமான் கடையில் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் அளவுதான்: இந்தப் பக்கம் மேலே, ஈரம் ஆகாது. சிங்களத்தில் பேசுவேன், சண்டையும் பிடிப்பேன். வாசிப்பது வேறு விஷயம். முதல் சொல்லை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கப்பல் வேறு கிரகத்தில் இறங்கியிருக்கும்.

மனைவி அப்படியல்ல. அரச அலுவலகம் ஒன்றில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவது அவள் வேலை. அவள் வாசித்து என் காதுக்குள் சொல்வாள். நான் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் உப்பு புளி சேர்த்து அப்பாவுக்குச் சொல்வேன். இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், டிரைவருக்குத் தூக்கம் ஆகாது என்று அவர் தியேட்டர் பக்கமே வருவதில்லை. ஆக, இங்கிலீஷில் புறப்பட்ட கதை சிங்களத்தில் இறங்கி, தமிழில் மாறி ஏறி, பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது கப்டன் பாதி நாவலப்பிட்டிக்காரராகியிருப்பார்.

போன பாகம் வந்த சமயம் அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு வலி. வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் வாங்கைப் போலவே ஆகிவிட்டதைப் பார்த்து, "மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று மனைவிதான் என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். படத்தின் கடைசியில் கப்டன் கண்ணை மூடினார். நீளமான கண்ணாடிப் பெட்டி ஒன்றில் அவரைக் கிடத்தினார்கள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பெட்டி மெல்ல நகர்ந்து இருட்டுக்குள் போனது. நான் விக்கி விக்கி அழுதேன். முன்வரிசையில் ஒரு குழந்தை படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"செத்துட்டாரா?"

மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லங்க. அது தூக்கப் பெட்டி. உள்ளுக்கு மருந்துக் காத்து இருக்காம். கப்பல் கரை சேர்ந்ததும் எழுப்புவாங்களாம்."

நேராக வார்டுக்கு ஓடி, மூக்கில் குழாயோடு கிடந்த அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நானும் கொஞ்சம் தூங்குறேன்" என்றார். தூங்கினார். மருந்திலேயே தேறி வீட்டுக்கும் வந்தார். அன்றிலிருந்து அவரும் கப்டனும் ஒரே கட்சி.

இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. என் முதலாளியும் அந்தப் படங்களை விடாமல் பார்ப்பவர். "தம்பி, அந்தாளு மவுத்தாகிட்டாரு. ஜனாஸாவுக்கு நிக்கிற மாதிரி எல்லாரும் நின்னாங்களே, பார்க்கலியா?" என்பார். "முதலாளி, உங்களுக்கு வாசிச்சது யாரு? எனக்கு வாசிச்சது அரசாங்க மொழிபெயர்ப்பாளர்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் சனிக்கிழமை காலையில் தலைவலி என்றாள். "நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்." மொழிபெயர்ப்பில்லாமல் நான் போய் என்ன செய்வது? வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனேன்.

படம் தொடங்கியது. கப்டனின் கதிரை காலி. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து ஓர் இளம்பெண் கப்பலை ஓட்டினாள்.

"கப்டன் எங்க?"

"படத்தப் பாருங்களேன்."

இடைவேளை வரை கப்டன் வரவில்லை. வெளியே போய் ரோல்ஸ் வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை, அவளுடையதையும் நானே தின்றேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும். "பின்பாதியிலதான் வருவாரு. பெரிய ஆளுங்கள அப்படித்தான் கொண்டு வருவாங்க" என்று அவளுக்கு நான் தைரியம் சொன்னேன். அவள் கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருந்தது. குளிரூட்டியைப் பழி சொன்னேன்.

பின்பாதியில் ஓர் இருட்டு அறை. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். இதோ! நான் கதிரையில் பாதி எழும்பிவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பெட்டிகள் எல்லாம் வெறும் பெட்டிகள். சுவரில் கப்டனின் தொப்பி மாட்டியிருந்தது. அந்தப் பெண் அதன் முன் நின்று, குரல் தழுதழுக்க ஏதோ சொன்னாள். என் காதுக்குள் ஒன்றும் வரவில்லை.

"என்ன சொல்றா?"

அவள் படத்தைப் பாருங்கள் என்பதுபோல் திரையைக் காட்டினாள்.

"என்ன சொல்றா? ஏன் தொப்பிய மாட்டி வச்சிருக்கு? குளிக்கப் போயிருக்காரா?"

"அவரு இல்லங்கிறா."

"எங்க இல்ல?"

"எங்கயும் இல்ல." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்துட்டாருங்க. போன படத்துலயே செத்துட்டாரு."

பின்னாலிருந்தவர் உஸ்ஸென்றார். நல்லவேளை, இல்லாவிட்டால் நான் கத்தியிருப்பேன். அதன் பிறகு படத்தில் யார் யாரைச் சுட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை மட்டும் திரை நிறையத் தெரிந்தது. கடைசியில் கப்பல் ஒரு நீலக் கடலோரத்தில் இறங்கியது; கதவு திறந்தது; சனங்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதற்கு மட்டும் யாரும் வாசித்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் யன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பேராதனை தாண்டியது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"மாமா வார்டுல கெடக்காரு. நீங்க குலுங்கிக் குலுங்கி அழுவுறீங்க. நான் எந்த வாயால செத்துட்டாருன்னு வாசிக்கிறது?"



"இப்ப அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"எழும்பிட்டாருன்னு சொல்லுங்க."

இங்கேதான் எனக்கு ஒரு வியாதி இருப்பதைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால் அப்பா யாரையும் விசாரிக்க மாட்டார். என் வாயைத்தான் பார்ப்பார். மனைவிக்கும் இது தெரியும். "எங்கிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவின் நெஞ்சை நினைத்துக்கொண்டேன். பூவை நினைத்துக்கொண்டேன். "அப்பா, கப்டன் எழும்..." என்றதும் வெடித்துச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு கூடியது. வயிற்றில் பயம், வாயில் சிரிப்பு. அதைவிட அசிங்கமான ஒரு நிலை எனக்கு வந்ததில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யன்னல் கண்ணாடியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நீயே சொல்லேன்."

"நான் மாட்டேன். ஒருக்கா சொன்னதே போதும்."

கொஞ்ச தூரம் போனபின் திரும்பினாள். "சரி. அப்ப உண்மையையே சொல்லுங்க. அவரு ஏன் செத்தாருன்னும் சேத்துச் சொல்லுங்க."

"ஏன் செத்தாரு?"

"போன படத்துல அந்த டொக்டர் பொம்பள, கப்டன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாளே, ஞாபகம் இருக்கா?"

இருக்காமலா? அந்தக் காட்சியை எனக்கு அவள் "வழியப் பத்திப் பேசுறாங்க" என்று சுருக்கியிருந்தாள். எனக்குப் போதவில்லை. காதல் என்று முடிவுகட்டி, அப்பாவுக்கு அதை விஸ்தாரமாகவே சொல்லியிருந்தேன்.

"காதல் இல்லங்க அது. நெஞ்சுல அடைப்பு இருக்கு, இப்பவே படுங்க, ஒப்பரேஷன் செஞ்சிருவோம்னு கெஞ்சுறா. இவரு கேக்கல. கரை சேர்ந்ததும் பார்ப்போம்னுட்டாரு. அதுலதான் போயிட்டாரு."

"இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"பிலிமத்தலாவ வந்திருச்சு, இறங்குங்க" என்றாள்.

அப்பா முன்னறையில் கதிரையில் இருந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, தீர்ப்புக்குத் தயாராக.

"எழும்பினாரா?"

"இல்லப்பா." செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செத்துட்டாரு. போன படத்துலயே செத்துட்டாரு."

அவர் கண் என் வாய்க்கு வந்தது. சிரிப்பில்லை. அவர் முகம் மெல்லச் சாம்பல் நிறமானது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தாமல் மீதியையும் கொட்டினேன்: டொக்டர் பொம்பளை, அடைப்பு, கெஞ்சல், கரை சேர்ந்ததும் பார்ப்போம்.

"அப்ப அவ லவ் பண்ணலியா?"

"இல்லப்பா. ஒப்பரேஷனுக்குத்தான் அழுதிருக்கா."

அப்பா கதிரைக் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "முட்டாப்பய! எஞ்சின் சூட்டு முள்ளு ஏறுதுன்னு கண்ணுக்கு முன்னால தெரியுது. வண்டிய ஓரங்கட்டிப் பானட்டத் தொறந்து பார்க்க வேணாமா? உள்ளுக்கு இத்தன சனத்த வச்சுக்கிட்டு, கரை சேர்ந்ததும் பார்ப்பானாமே! இவனுக்கெல்லாம் யாருடா லைசன் குடுத்தது?" என் பக்கம் திரும்பினார். "இவனப் போயி பெரிய ஆளுன்னு நெனச்சேனே. அந்த ஆஸ்பத்திரிப் பைய எடு."

திங்கட்கிழமை கடைக்குப் போய் முதலாளியிடம் தோல்வியை ஒத்துக்கொண்டேன். "நீங்க சொன்னதுதான் சரி. ஒப்பரேஷன் வேணாம்னு சொல்லித்தான் மனுஷன் செத்திருக்காரு."

முதலாளி பில் போடுவதை நிறுத்தினார். "என்ன ஒப்பரேஷன்? எஞ்சின் வெடிச்சுத்தானே மவுத்தானாரு? அந்தப் பொம்புள என்னையும் கூட்டிட்டுப் போன்னுதானே அழுதா?"

முதலாளிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அது எனக்குத் தெரியும்.

நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் வாயில் பொய் நிற்காது என்பதால், அவள் எனக்கு உண்மை மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டாளோ? கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் புதன்கிழமைக்குள் அப்பா முன்னால் சிரித்துவிடுவேன். "முதலாளி, உங்களுக்கு வாசிச்சது யாரு?" என்றேன். குரலில் பழைய பலம் இல்லை.

அதிலிருந்து நான் வீட்டில் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான். அப்பா விடவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம், "அந்த டொக்டரு சரியா என்னடா சொன்னா?" என்றார். உதட்டோரம் துடிக்கத் தொடங்கியது. ஒரு முழுக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். "இப்பவே படுங்கன்னா மாமா" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

புதன்கிழமை தள்ளுவண்டியில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். கதவு வரைதான் நாங்கள் போகலாம். அப்பா என் கையைப் பிடித்தார். டொக்டர் பொம்பளையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று என் வாய்க்கே தெரியவில்லை.

"அந்தக் கப்பலு," என்றார். "கடைசியில கரை சேர்ந்துச்சா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்ந்துச்சுப்பா," என்றேன். "எல்லாரும் இறங்கிட்டாங்க."

அதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். அப்பா கையை விட்டார். வண்டி உள்ளே போனது. இப்போது அவர் முன்னறையில் இருந்துகொண்டு, சாம்பாரில் உப்பே இல்லை என்று மருமகளோடு சண்டை பிடிக்கிறார். டொக்டர் உப்பு கூடாதென்று எழுதியிருக்கிறாராம். காகிதத்தைப் பார்த்து அவள்தான் வாசித்துச் சொல்கிறாள்.