முழங்கால் வரை தொங்கிய துணி

வாக்காளர் எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறார் என்பதை வெளியே நிற்கும் எவரும் அறியாதபடி மறைப்பு இருக்க வேண்டும். இதுதான் விதி. மட்டக்களப்பில் இருந்தபடி லண்டன் பட்டத்துக்குப் படித்த ஆறு பேருக்கு நான் அரசியல் பாடம் எடுத்தபோது, இந்த விதியை மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். அப்போது சின்னங்கள் இல்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு வகுப்பிலேயே வாக்கெடுப்பு நடத்தினேன். பிஸ்கட் தகரங்களில் சிவப்பும் பச்சையும் பூசி, முன்னால் என் பழைய வேட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டேன். முதலில் போட்டுவிட்டு வந்தவன் வாங்கில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன். மற்ற ஐவரும் போட்டு முடித்ததும், யார் யார் எதில் போட்டார்கள் என்று வாசித்தான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"துணி முழங்காலோட நிக்குது சேர். கால் எந்தப் பெட்டிக்கு நேரே நிக்குதெண்டு பாத்தன்."

"சேர்ர வேட்டி எப்பவும் கட்டைதானே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வாசித்தவன் சிரிக்கவில்லை.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான். போன முறை அப்பா சிவப்புக்கு நேரே நிண்டார். போடியார்ர ஆள் கண்டுற்றான். மறுகா ரெண்டு வருசம் அவர்ர வயல் வட்டைக்குள்ள இறங்க விடல்ல. வாற விதைப்புக்குத்தான் திரும்பத் தாறன் எண்டிருக்கார்."

அன்றே தேர்தல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். விதி இலக்கத்தையும் குறிப்பிட்டேன். துணி நிலத்தைத் தொட வேண்டும் என்று கேட்டேன். எழுதியதை அவனிடமும் சொன்னேன்.

"அப்பா விரும்பினதில போடலாமா சேர்?"

"விதி இருக்குத் தம்பி. தாராளமாகப் போடச் சொல்லு."

தேர்தலுக்கு மறுநாள் அவன் வந்தான்.

"துணி இறங்கல்ல சேர். அப்பாவும் கண்டவர்தான். சேர் எழுதினவர், வேற ஏதும் ஏற்பாடு செய்திருப்பாங்க எண்டு நினைச்சுச் சிவப்பில போட்டுற்றார். நேத்துப் பின்னேரமே போடியார்ர ஆள் வந்து வட்டை இல்லையெண்டு சொல்லிற்றான்."

அவன் அப்பா விதியை நம்பவில்லை, என்னை நம்பியிருந்தார். அன்று நான் பாடம் எடுக்கவில்லை.

அந்த வட்டையை வேறொருவர் விதைத்து முடித்த பின்னர், 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்ற பதில் எனக்குக் கிடைத்தது.