எந்த ஒட்டு?

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதன்பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி, மூணாறு தேயிலைத் தோட்டம், கோவையில் ஒரு விடுதிச் சமையற்கட்டு என்று ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்கு வந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இங்கேயே தங்கிவிட்டேன். ஆனாலும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நான் "எங்கயும் ஒட்டாதவ"தான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் பிள்ளையில்லை. "கால்ல சக்கரம் கட்டுனவ வயித்துல எது தங்கும்?" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்பார். மாதாமாதம் அடிவயிறு பிடுங்கும். தறியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். வயிற்றின் வலப்பக்கத் தழும்பைப் பார்த்ததும் என்னவென்று கேட்டார். திருப்பூரில் குடல்வால் வெடித்து, அறுத்துச் சீழ் எடுத்த இடம். ஒரு மாதத்தில் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். அதற்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியதேயில்லை. கருப்பைக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்து வரச் சொன்னார்.

படத்தோடு போன அன்று அத்தையும் கூட வந்தார். அவரை வெளியே திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் உள்ளே போனோம்.

"உள்ள ஒட்டியிருக்குன்னு நினைக்கிறேம்மா," என்றார் மருத்துவர். "வெளிய தழும்பு இருக்குல்ல, அதே மாதிரி உள்ளயும் தழும்பு விழும். கருக்குழாயும் சினைப்பையும் குடலோட ஒட்டிக்கிட்டா, முட்டை குழாய்க்குள்ள வர வழியில்ல. மதுரையில சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, பிரிச்சு விடுவாங்க."

வெளியே வந்தால் அத்தையைக் காணோம். நாங்கள் தேடி அலுத்து, பஸ் பிடித்துத் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, ஒட்டிக்கிருச்சாமே! ஒங்க அத்தை இப்பத்தான் சீனி குடுத்துட்டுப் போறாவ."

அத்தை திரைக்கு வெளியே ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறார். கரு ஒட்டிவிட்டது என்று முந்தின பஸ்ஸில் ஏறி வந்து தெரு முழுக்கச் சீனி கொடுத்துவிட்டார்.

வீட்டில் விளக்கிச் சொன்னேன். "நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவச்சா பக்கத்து இழை ஒட்டிக்கிடும்ல, அத்தை? அந்த மாதிரி."

அவரும் ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்தவர். "பிரிச்சு விட்டா ஓடுமா?"

"ஓடலாம். திரும்ப ஒட்டவும் செய்யுமாம்."

"ஊருக்கெல்லாம் சீனி குடுத்துட்டனே."

"முன்கூட்டியே குடுத்ததா இருக்கட்டும்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு 'ஒட்டாதவ' என்று அவர் வாயில் வரவில்லை.

மதுரையில் பிரித்துவிட்டார்கள். ஒரு குழாய் பழுது, இன்னொன்று தேறும் என்றார்கள். நாள் தள்ளினால் வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்; சில சமயம் கரு குழாயிலேயே தங்கிவிடும், அது உயிருக்கு ஆபத்து என்றும் சொல்லி அனுப்பினார்கள். அடிவயிற்று வலி பாதியாகக் குறைந்தது. அதுவே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது. மாதவிடாய் வந்தபோதெல்லாம் அத்தை ஒன்றும் கேட்காமல் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாதம் தள்ளியது. சொன்னபடி உடனே அத்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து மருத்துவர் வெகுநேரம் நகர்த்திக்கொண்டிருந்தார். குழாயா, கருப்பையா என்பதுதான் என் மனத்தில் ஓடியது.

"நல்ல இடத்துலதாம்மா ஒட்டியிருக்கு," என்றார்.

திரையை விலக்கிக்கொண்டு அத்தை உள்ளே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, இது எந்த ஒட்டு? வெவரமாச் சொல்லுங்க. நான் ஏற்கெனவே ஒருக்கா சீனி குடுத்தவ."

மருத்துவர் சிரித்தபடி ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பினார்.