படலோரம் தூவிய சாம்பல்

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. மலைமேல் புதூர்நாட்டில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. எழுபதுகளின் கடைசி. அந்த வருஷம் மழை ஏமாற்றிச் சாமை விளையவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து நான் வளர்த்த அவரைப் பந்தல்தான் எங்களுக்குக் கதி. அதில் யாரோ கை வைத்தார்கள்.

குரங்கு என்றார் என் வீட்டுக்காரர். குரங்காம் குரங்கு! குரங்கு வந்தால் கொடியையே இழுத்துப் பாழ் பண்ணும். இங்கே இளசாகப் பார்த்து, காம்பில் நகம் வைத்துக் கிள்ளியிருந்தது. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேல்தான் கண். என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். கொஞ்ச நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். ஒன்றுமில்லாமல் ஒருத்தி எதற்குச் சிரிக்கவேண்டும்?

காவலுக்கு ஆள் வைக்க எங்களுக்கு ஏது வசதி? பழைய பால்பவுடர் டப்பாக்களில் கூழாங்கல் போட்டு, வேலி நெடுகக் கயிற்றில் கட்டச் சொன்னேன். வீட்டுக்காரர்தான் கட்டினார். காற்றடித்தால் கலகலத்ததே தவிர, திருட்டுக்கு அது வாயைத் திறக்கவில்லை. மிதித்தால் சரசரக்கட்டும் என்று பந்தலடியில் காய்ந்த பலா இலையைக் கொட்டினேன். அதையும் பதமாக ஒதுக்கிவிட்டுப் பறித்திருந்தது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த கை. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அடுப்புச் சாம்பல். தோட்டத்துக்குப் பின்பக்க வழி முள் படல் ஒன்றுதான். ஒரு காலையில் படலடி மண்ணைக் கூட்டி, சாம்பலைச் சலித்து ஒரு பாய் அகலத்துக்குத் தூவினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும்தான். அவர் வாயில் எது நின்றது?

தூவிவிட்டு ஓடைக்குத் தண்ணீருக்குப் போனால், அங்கே அவள். அதே சிரிப்பு. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க்கா, அவரக்காய் ருசியா கீதா?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "இன்னாமே சொல்ற? யார் வூட்டு அவரக்காய்?"

"கிள்ளனவங்களுக்குத் தெரியும். படலாண்ட சாம்பல் போட்டு வெச்சிருக்கேன். எவ காலுன்னு தெரிஞ்சிடும்."

"நான் போயி ஊர்க்கவுண்டர இட்டாறேன். எங்காலுன்னா என் வூட்ட தள்ளி வெக்கட்டும். இல்லன்னா நீ ஊரு முன்னால என் கால்ல வுழணும்."

"வுழறேன். போய் இட்டா!"

ஊர்க்கவுண்டர்தான் எங்களுக்கு வழக்குத் தீர்ப்பவர். அவர் ஒரு வீட்டைத் தள்ளி வைத்துவிட்டால் அதற்கு யாரும் நெருப்புக் கொடுக்கக்கூடாது, தண்ணீர் தரக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. மீறிக் கொடுத்தவர்களையும் சேர்த்துத் தள்ளுவார்கள். இன்றைக்கு அவள் குடும்பம் தொலைந்தது என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பயமும் நிறைய சந்தோஷமுமாக இருந்தது.

குடத்தோடு நேரே படலடிக்கு ஓடினேன். தடம் இருந்தது. வெளியே போன தடம். உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. குனிந்து பார்த்தேன். இடது கால் கட்டைவிரல் தனியாக விலகி நின்றது. ஏர் மாடு மிதித்து அப்படி ஆன கால் எங்கள் ஊரில் ஒன்றுதான். அந்தக் காலுக்கு எத்தனை நாள் எண்ணெய் தடவியிருக்கிறேன்!

வீட்டுக்காரர் முன்வாசலில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"எவளுக்கு?" என்றேன். வேறென்ன தோன்றும் எனக்கு?

"கத்தாத. தங்கச்சிக்கு."

என் நாத்தனார் கீழே படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய், அங்கேயே ஒருவனோடு இருந்துவிட்டவள். அவன் கைவிட்டதும் மலையேறி வந்தாள். ஊர் அவளைத் தள்ளி வைத்தது. ஓடைக்கு அப்பால் ஒரு குடிசையில் கைக்குழந்தையோடு கிடந்தாள்.

"வெறும் வயிறா கீறா. புள்ளைக்குப் பாலே இல்ல. கூடப் பொறந்தவ, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாங்க? நான் இன்னா பேயா? படலாண்ட சாம்பல் போட்டிருந்தேனே, அதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

"எவனாச்சும் பாக்கறானான்னு சுத்திமுத்தி பாத்துக்கினே போனேன், குடுத்துட்டு முன்பக்கமா வந்தேன். கீழ எங்க பாத்தேன்?"

"ஊர்க்கவுண்டர் வர்றாருங்க!"

வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன. அதற்குள் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. விளக்குமாறு தேட நேரமில்லை. ஓடிப்போய்ச் சாம்பலில் இறங்கி, ஒரு தடமும் மிஞ்சாமல் தாறுமாறாக மிதித்தேன்.

ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். பின்னால் பாதி ஊர் நின்றது. "இன்னாமா இது?"

"கோழி கலைச்சிட்டுதுங்க."

"அப்ப காய் திருடனது யாரு?"

"குரங்கா இருக்கும்ங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குரங்குக்கா என்னய இட்டாந்தீங்க? வுழு அவ கால்ல."

முன்வாசலுக்கு வந்து, எல்லார் முன்னாலும் விழுந்தேன். என் மாமியாரிடம்கூட வளையாத முதுகு அது. அத்தனை பேர் பார்க்க அவள் காலைத் தொட்டபோது செத்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் மாட்டின் பக்கமே திரும்பி நின்றார். சிலர் சிரித்தார்கள். அவள் என்னைத் தூக்க அவசரப்படவில்லை. கூட்டம் கலைந்து போகிறவரை அப்படியே நின்றாள். பிறகு குனிந்து என் தோளைப் பிடித்து எழுப்பினாள். அவள் கண் என் பாதங்களில் இருந்தது.

"மொதல்ல காலக் கழுவுமே, கணுக்கால் வரிக்கும் சாம்பல் கீது," என்றாள். போகத் திரும்பியவள் குரலைத் தாழ்த்தினாள்: "உன் வூட்டுக்காரரையும் கழுவச் சொல்லு."