ஸ்டானிஸ்லாஸ் எறியாத கல்

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கந்தக அமில ஆலையில் ஸ்டானிஸ்லாஸ் பதினோரு வருஷம் கல் பொறுக்கினான். கப்பலில் வந்து குவியும் கல்லில் உலைக்குப் போவதையும் கழிப்பதையும் பிரிப்பது அவன் வேலை. மஞ்சள் கல் பகடை மாதிரி சதுரமாக விளைந்திருக்கும். ஒரு முகத்தில் கோடுகள் நின்றால் பக்கத்து முகத்தில் படுத்திருக்கும். அது உலைக்கு. வெள்ளைக் கல்லும் அதே இரும்பும் கந்தகமும்தான், ஆனால் கூடவே பாஷாணம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று குடிகெடுக்கப் பிறப்பதில்லையா, அப்படி. தட்டினால் பூண்டு நாற்றம் அடிக்கும். உலையில் விழுந்தால் புகையே ஆளைக் கொல்லும் என்று ரசாயனம் பார்க்கும் லூயிஸ் துரை எச்சரித்திருந்தார்.

அந்த வெள்ளைக் கல் சில சமயம் இரட்டையாக விளையும். ஒன்றை ஒன்று ஊடுருவி, குறுக்கும் நெடுக்குமாக, அச்சு அசல் சிலுவை. மற்றவர்கள் அதையும் கழிசலில் எறிந்தார்கள். ராயபுரத்துக் கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், சிலுவையைக் குப்பையில் வீசுவானா? அவனுக்குக் கை வரவில்லை. விரல் நீளக் கல் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்து மாதா படத்தின் கீழே வைத்தான். நெருப்பில் போட்டால்தானே விஷம், சும்மா கிடக்கிற கல் என்ன செய்துவிடும்? கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததென்று மனைவி செசிலியா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது விஷக் கல் என்று அவளிடம் அவன் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி!

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. பிறகு வாந்தியும் பேதியும் சேர்ந்துகொண்டன, கால் மரத்துப்போனது. இவள் பிழைப்பாளா என்ற பயத்தில் ஒருநாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். படி ஏறும்போதே பூண்டு வாசம்.

“இன்னா செசிலி, பூண்டு நசுக்குனியா?”

“வூட்ல பூண்டு ஏது? சிலுவைய ஒரசிக் குட்சேன். பத்து நாளா குட்சிகினு கீறேன்யா. அதான் உசுரு நின்னுகினு கீது.”

சுக்கு உரைக்கிற கல்லில் சாம்பல் நிற விழுது இன்னும் ஈரமாக இருந்தது. அவன் வந்த வேகத்தில் திரும்பி ஓடினான். டாக்டரை இழுத்துவந்தான். அவர் கையை விரித்துவிட்டார். மூன்றாம் நாள், சிலுவைதான் தன்னைக் காக்கிறது என்று நம்பியபடியே அவள் கண்ணை மூடினாள். உண்மையைச் சொல்ல அவனுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

சவப்பெட்டியை மூடும் நேரம். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி இடுப்பில் குழந்தையோடு அருகே வந்தாள்.

“அண்ணே, கொயந்தைக்கு மூணு நாளா காய்ச்சல். அக்கா கும்புட்ட கல்ல ஒரு நாளிக்கு குடேன். ஒரசி ஊத்திட்டு தந்துடறேன்.”

சொன்னால், பெண்டாட்டியைக் கொன்றவன் என்று ஆயுசுக்கும் தெரு பேசும். ஸ்டானிஸ்லாஸ் அந்தக் குழந்தையைப் பார்த்தான்.

“தொட்டுடாதம்மா. அது பாஷாணம். தெரிஞ்சே நான்தான் கொண்டாந்து வச்சேன். அதான் இவள கொன்னுச்சு.”

பெட்டிக்குள் கிடந்தவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான்.